ஈரப் பல்லி, சனிக்கிழமை இரண்டாம் ஆட்டம்

வளசரவாக்கம் பங்களாவை விற்றுப்
பத்மலோசனி எடுத்த படம் அது.
நூற்றுப் பத்துப் படங்களில் மரம் சுற்றி ஆடியவள்
இதில் ஒரு ஃபிரிட்ஜோடு குடும்பம் நடத்துகிறாள்.
கதவைத் திறந்தால் உள்ளே கடல் இரைகிறது.
அதைக் கேட்டபடி பதினோரு நிமிடம்
ஒரே வெங்காயத்தை உரிக்கிறாள்.
பிறகு, ஏனென்று யாருக்கும் தெரியாது,
சுண்ணாம்புக் குவாரியில் தங்க அங்கியோடு நின்று
எருமையைப் பார்த்துக் கேட்கிறாள்:
"என் நிழலை மடித்து வைத்தது யார்?"

திருப்பூர் கோமதி டாக்கீசில் முதல் நாள்
இடைவேளையிலேயே பாதிப் பேர்
சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்கள்.
"ஏனுங், இது படமுங்களா?" என்று
நூல் மண்டிக்காரர் மேனேஜர் சட்டையைப் பிடித்தார்.
புரியாதவன் வாயை மூடு என்றார் ஒரு காலேஜ் வாத்தியார்.
இரண்டு பேருக்கும் மூக்கில் ரத்தம்.
எனக்கும் பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன்.
வெங்காயத்தில் தூங்கி
எருமையில் விழித்தேன்.

திங்கட்கிழமை அயர்ன் டேபிளில்
எத்தனையாவது பனியனோ மடித்துக்கொண்டிருக்கையில்
யாரோ அவள் குரலில், மூக்கால் கேட்டார்கள்:
"என் நிழலை மடித்து வைத்தது யார்?"
"நாந்தானுங்க மேடம்" என்றேன்.
நீராவிக்குள் முழு செக்சனும் சிரித்தது.

அப்படித்தான் ஆரம்பம்.
சம்பளம் வாங்கின கையோடு
சனிக்கிழமை இரண்டாம் ஆட்டத்துக்கு நாற்பது பேர்,
அடுத்த வாரம் நூற்று நாற்பது.
பையில் ஆளுக்கொரு வெங்காயம்.
அவள் உரிக்கையில் நாங்களும் உரித்தோம்.
டாக்கீஸ் முழுக்கக் கண்ணீர்.
எது சிரித்து வந்தது, எது சும்மா வந்தது என்று
செக்கிங் ருக்காத்தாளாலேயே பிரிக்க முடியாது,
ஒரு தையல் தப்பினாலும் கண்டுபிடிக்கிறவள்.

கட்டிங் மாஸ்டர் சென்னியப்பன்,
பகலெல்லாம் பையன்களை அதட்டும் மீசை,
ஜெர்மனிக்காரன் திருப்பியனுப்பிய ரிஜெக்ட் துணியில்
ஓர் அங்கி தைத்துக்கொண்டு வந்தார்.
தங்கத்துக்குப் பக்கத்தில்கூட வராத மஞ்சள்.
குவாரிக் காட்சியில் திரைக்கு முன்னால் ஏறி
தாவாங்கட்டையை அவள் மாதிரியே உயர்த்தி
இமையை இறக்குவார்.
விசில் காதைக் கிழிக்கும்.
எருமைக்கு வசனம் இல்லை. அதற்கு நாங்கள்.

ஒரு சனிக்கிழமை கத்த மறந்து அவரைப் பார்த்தேன்.
தூரத்து ஷாட், அவள் ஆள் உயரம்தான் இருந்தாள்.
அவர் முகத்தின் மேல் அவள் முகம் விழுந்து
பேட்டர்ன் வைத்து வெட்டியதுபோல் பொருந்தியிருந்தது,
மீசை மட்டும் கொஞ்சம் வெளியே.
வீட்டில் சம்சாரம், மூன்று பெண்பிள்ளைகள், ஒரு கறவை.
ஆட்டம் முடிந்தால் அங்கியை மடித்து
டிபன் கேரியரின் அடித்தட்டில் வைத்து மூடுவார்.
நான் ஒன்றும் கேட்டதில்லை.

ஆறு வருசம் கழித்து
நகைக்கடை திறக்க அவளே வந்தாள்.
அன்றைக்கு நொய்யல் கத்தரிப்பூ நிறத்தில் ஓடியது.
கறுப்புக் கண்ணாடி, கொஞ்சம் உடம்பு வைத்திருந்தது.
ஜனம் பழைய பாட்டு கேட்டுக் கூச்சலிட்டது.
அவள் கத்தரிக்கோலை எடுத்த நேரம்,
பின்வரிசையிலிருந்து சென்னியப்பன்,
அங்கியில்லாமல், பட்டப்பகலில், மூக்கால்:

"என் நிழலை மடித்து வைத்தது யார்?"

கொல்லென்று சிரித்துவிட்டோம்.
பழக்கதோஷம்.
கத்தரி நின்றது.
விற்ற பங்களாவின் ஒவ்வொரு ஜன்னலும்
அவள் முகத்தில் சாத்திக்கொண்டதைப் பார்த்தேன்.
சிரிப்பைத் திரும்ப வாங்க முடிந்தால் வாங்கியிருப்போம்.

அவள் கூட்டத்தைத் துழாவினாள்.
அங்கே ஒரு தாவாங்கட்டை உயர்ந்திருந்தது,
ஒரு ஜோடி இமை இறங்கிக்கொண்டிருந்தது.
கண்ணாடியைக் கழற்றி முழுசாகப் பார்த்தாள்.
பிறகு மைக்கில் சொன்னாள்:
"இன்னும் கொஞ்சம் நிதானமா இறக்கணும்."

வெட்டின ரிப்பனை நாலாக மடித்து
கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். கார் போய்விட்டது.

மொபெட்டில் என் பின்னால் உட்கார்ந்து
ஊத்துக்குளி ரோடு வரைக்கும் அவர் பேசவில்லை.
ரயில்வே கேட் அடைத்திருந்தது.
கூட்ஸ் வண்டி, முடியவே முடியாத கூட்ஸ் வண்டி.
காதோரம் கேட்டார்:
"ஏனப்பா, நான் வெசையாவா எறக்கறேன்?"